ரியா கிராமத்துச் சிறு தேவாலயம்

கட்டடக்கலை என்றவுடன் நம் மனம் பெரியவற்றையே நாடுகின்றது. வானளாவிய கோபுரங்கள், ஆயிரக்கால் மண்டபங்கள், அகன்ற கோட்டைகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே நமக்கு வழக்கமாகிவிட்டது. உயரம் எத்தனை அடி, தூண்கள் எத்தனை, கட்டி முடிக்க எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிட்டு வியக்கின்றோம். அது தவறன்று. ஆயினும், சிறிய கட்டடம் ஒன்றைக் கூர்ந்து நோக்குவதில் ஒரு தனிப் பயன் உண்டு. பெரிய கட்டடத்தில் கண் அலைந்து திரியும். சிறிய கட்டடத்தில் அது ஓரிடத்தில் நிலைக்கும். இந்தக் கல் ஏன் இங்கே இருக்கின்றது, இந்தப் பலகையை யார் செதுக்கினார், இந்தச் சாளரம் ஏன் இத்தனை சிறிது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விடை காண இயலும். அவ்வாறு பார்க்கத்தக்க ஒரு சிறு கட்டடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கார்லைல் நகரத்திற்குத் தெற்கே சில மைல் தொலைவில், ரியா என்னும் கிராமத்தில் அது இருக்கின்றது. புனித மரியாள் தேவாலயம் என்பது அதன் பெயர்.

அந்தத் தேவாலயம் 1842-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. விக்டோரியா அரசியார் 1837-ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். 1901-ஆம் ஆண்டுவரை ஆண்டார். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் காலத்தில் எழுந்த கட்டடங்களையே விக்டோரியா காலத்துக் கட்டடங்கள் என்கின்றோம். ரியாவின் சிறப்பை உணரவேண்டுமானால், அக்காலத்துத் தேவாலயம் பொதுவாக எப்படி இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வழக்கத்தை அறியாதவனுக்கு வழக்கத்திலிருந்து விலகியதன் அருமை விளங்காதன்றோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகின. மான்செஸ்டர், லீட்ஸ், பர்மிங்காம் போன்ற ஊர்களில் மக்கள் வந்து குவிந்தனர். அவர்கள் கூடி வழிபடப் போதிய இடமில்லை. ஆகவே 1818-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிப் பத்து லட்சம் பவுன் தொகையைப் புதிய தேவாலயங்கள் கட்டுவதற்கென ஒதுக்கியது. நாடெங்கும் கட்டட வேலை மும்முரமாயிற்று. எப்படிக் கட்டுவது என்னும் வினாவும் உடன் எழுந்தது.

அதற்கு உரத்த குரலில் விடை கூறியவர் பியூஜின் என்னும் கட்டடக் கலைஞர். இடைக்காலத்துக் கோதிக் முறையே கிறிஸ்தவ சமயத்துக்கு உரிய முறை. கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் பார்த்துத் தேவாலயம் கட்டுதல் தகாது என்பது அவர் கொள்கை. கோதிக் முறையின் முதல் அடையாளம் கூர்முனை வளைவு. இரண்டு கைகளையும் விரல் நுனி தொடுமாறு உயர்த்திப் பிடித்தால் என்ன வடிவம் தோன்றுமோ, அந்த வடிவம். சென்னையில் சாந்தோம் பேராலயத்தைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1896-ஆம் ஆண்டில் இன்றைய தோற்றத்தைப் பெற்ற அந்தப் பேராலயத்தின் வாயிலிலும் சாளரங்களிலும் இக்கூர்முனை வளைவுகளைக் காணலாம்.

1839-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்களுள் முக்கியமான இருவர், நீல், வெப் என்னும் மாணவர்கள். உங்களைப் போன்ற கல்லூரி மாணவர்களே என்பதைக் கவனியுங்கள். 1841-ஆம் ஆண்டு முதல் அவர்கள் ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். புதிதாகக் கட்டப்படும் தேவாலயங்களை அப்பத்திரிகை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பரிசோதித்தது. இது முறைப்படி இருக்கின்றது, இது முறை தவறியது என்று ஒளிவு மறைவின்றித் தீர்ப்புச் சொல்லிற்று. அந்தத் தீர்ப்புக்கு முதிர்ந்த கட்டடக் கலைஞர்களும் அஞ்சினார்கள்.

இனி, அவர்கள் விதித்த முறைப்படி அமைந்த ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்குள் நுழைவோம். கட்டடம் மேற்கிலிருந்து கிழக்காக நீண்டிருக்கும். வாயிலுக்கு அருகிலேயே ஞானஸ்நானத் தொட்டி நிற்கும். அது ஏன் வாயிலருகே நிற்கின்றது? ஞானஸ்நானமே சபைக்குள் நுழையும் வாயில் என்பது கருத்து. கருத்தில் வாயிலானது இடத்திலும் வாயிலருகே நிற்கின்றது. அதனைக் கடந்தால் மக்கள் அமரும் நீண்ட கூடம். கூடத்தின் கிழக்கு முனையில் பெரியதொரு வளைவு. வளைவுக்கு இப்பால் ஒரு புறம் பிரசங்க மேடை. மறுபுறம் வேதம் வாசிப்பதற்குரிய தாங்கி. அத்தாங்கி பெரும்பாலும் சிறகு விரித்த பித்தளைக் கழுகின் வடிவில் இருக்கும். கழுகு யோவான் சுவிசேஷகரின் சின்னம். அதன் சிறகுகளின்மேல் வேதப் புத்தகம் விரித்து வைக்கப்படும். வளைவுக்கு அப்பால் பாடகர்களும் குருமாரும் இருக்கும் நீண்ட பகுதி. அதன் கடைசியில், சில படிகளின் மேல், கிழக்குச் சுவரை ஒட்டினாற்போலப் பலிபீடம். அதற்கு மேலே வண்ணக் கண்ணாடிச் சாளரம்.

தரையையும் பார்க்கத் தவறாதீர்கள். பூவும் கொடியும் கொண்ட வண்ண ஓடுகள் பதித்திருப்பார்கள். ஸ்டோக் நகரத்து மின்டன் தொழிற்சாலையின் ஓடுகள் அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றவை. ஈரமான களிமண் ஓட்டில் அச்சை அழுத்திப் பள்ளம் செய்து, அப்பள்ளத்தில் வேறு நிறக் களிமண் குழம்பை ஊற்றிச் சூளையில் சுடுவார்கள். மேலே பூசிய வண்ணமானால் காலடி பட்டுத் தேயும். இதுவோ ஓட்டின் உள்ளேயே ஊன்றிய வண்ணம். அதனால் தலைமுறை தலைமுறையாக மிதித்தாலும் உருவம் மறைவதில்லை.

மக்கள் அமரும் இருக்கைகளில் ஒரு சமூக வரலாறே அடங்கியிருக்கின்றது. பழைய தேவாலயங்களில் உயர்ந்த பலகைத் தடுப்பும் சிறு கதவும் உடைய பெட்டி போன்ற இருக்கைகள் இருந்தன. வசதியுள்ள குடும்பத்தார் அவற்றை வாடகைக்கோ உரிமையாகவோ பெற்றிருந்தனர். ஏழைகள் பின்னால் ஒதுங்கி நின்றனர்; அல்லது சுவரோரத்து விசிப்பலகைகளில் அமர்ந்தனர். இறைவன் சந்நிதியில் இந்த வேற்றுமை ஏன் என்ற வினா விக்டோரியா காலத்தில் வலுப்பெற்றது. தடுப்பில்லாத, கதவில்லாத, யாவரும் அமரக்கூடிய பலகைகள் வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் சங்கத்தாரும் வற்புறுத்தினர். இது அவர்கள் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று.

ஆயினும் விதிகள் பெருகப் பெருக ஒரு தீங்கும் உடன் வந்தது. கட்டடங்கள் ஒன்றைப் போலவே ஒன்று அமையலாயின. பழைய உருவத்தைப் பார்த்துப் பிழையின்றி எழுதிய பிரதிகளாக அவை நின்றன. ஆசிரியர் சொன்னதை அப்படியே ஒப்புவிக்கும் மாணவனைப் போல என்று சொல்லலாம். அவன் விடை சரியாகவே இருக்கும்; ஆனால் அதில் அவன் இருக்கமாட்டான்.

இந்தச் சூழ்நிலையிலேதான் ரியா கிராமத்தில் ஒரு பெண்மணி தம் மனத்தில் உருவான தேவாலயத்தைக் கட்டத் துணிந்தார். அவர் பெயர் சாரா லாஷ். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிறந்த அவர், அந்த வட்டாரத்து நிலக்கிழாரின் மகள். அவர் குடும்பத்தார் வெறும் நிலவுடைமையாளர் மட்டும் அல்லர். நியூகாசில் நகருக்கு அருகே காரத் தொழிற்சாலையும் இரும்புத் தொழிலும் நடத்தியவர்கள். ரயில் வண்டியின் வரலாற்றில் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சனோடு சேர்ந்து 1816-ஆம் ஆண்டில் வார்ப்பிரும்புத் தண்டவாளத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்ற வில்லியம் லாஷ், சாராவின் சிறிய தந்தையார். ஆக, ஒரு பக்கம் பழமையான கிராமம். மற்றொரு பக்கம் நிலக்கரியும் இரும்பும் இரசாயனமும். இரண்டுக்கும் நடுவே வளர்ந்தவர் சாரா.

லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளை அவர் கற்றிருந்தார். அக்காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. கட்டடக் கலைஞர்களுக்கென 1834-ஆம் ஆண்டில் லண்டனில் ஏற்பட்ட நிறுவனம் தன் முதல் பெண் உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டது 1898-ஆம் ஆண்டிலேதான். ஆகவே சாராவுக்குக் கட்டடக்கலையில் பட்டமோ பயிற்சிச் சான்றிதழோ கிடைக்க வழியே இல்லை. அவருக்கு இருந்தவை மூன்று: நூலறிவு, பயணத்தில் கண்ட காட்சி, கூர்ந்து நோக்கும் கண். 1817-ஆம் ஆண்டில் தம் தங்கை கேதரினோடு இத்தாலிக்குச் சென்று, ரோமாபுரியின் பழைய தேவாலயங்களையும் மண்ணுக்குள்ளிருந்து அகழ்ந்தெடுத்த பாம்பி நகரத்தையும் அவர் கண்டார்.

அக்காளும் தங்கையும் மணம் புரிந்துகொள்ளவில்லை. பெற்றோர் மறைந்தபின் ஒருவருக்கு ஒருவர் துணையாக வாழ்ந்தனர். 1835-ஆம் ஆண்டில் கேதரின் காலமானார். அந்தப் பிரிவின் துயரத்தைச் சாரா எவ்வாறு தாங்கினார் என்பதற்கு விடைதான் இந்தத் தேவாலயம் எனலாம்.

ரியாவில் அப்பொழுது இருந்த பழைய தேவாலயம் சிதைந்து கிடந்தது. தம் செலவிலேயே புதியது கட்டித் தருவதாகச் சாரா முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். கட்டும் முறையைப் பற்றி யாரும் தமக்குக் கட்டுப்பாடு விதிக்கலாகாது என்பதே அது. வேறு கட்டடக் கலைஞர் எவரையும் அமர்த்தவில்லை. தாமே அமைப்பு வகுத்தார். தாமே களிமண்ணில் மாதிரிகள் செய்து கைவினைஞர்களுக்குக் காட்டினார். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் உள்ளூரார். கல்வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் வில்லியம் ஹிண்ட்ஸன் என்னும் அந்த ஊர்க் கல்தச்சர். அவரைச் சாரா இத்தாலிக்கு அனுப்பிச் சிற்பங்களைக் கண்டு பழகிவரச் செய்தார். ஊரில் உள்ள திறமையைக் கண்டறிந்து, அதற்குப் பயிற்சியும் கொடுத்து, அதன்மேல் நம்பிக்கை வைத்துப் பெரும்பணியை ஒப்படைத்தார். கல்வித்துறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இச்செய்தி மிகவும் உவப்பானது.

இனித் தேவாலயத்தைப் பார்ப்போம். கோதிக் கூர்முனை வளைவு இங்கே இல்லை; வளைவுகள் அரைவட்டமாக இருக்கின்றன. பழைய சாக்சன் முறையையோ லம்பார்டி முறையையோ தழுவிய எளிய முறை என்றும், செலவும் வேலைப்பாடும் குறைவு என்பதால் அதனைத் தேர்ந்ததாகவும் சாரா அடக்கமாகக் குறிப்பிட்டார். ஆனால் வாயிலருகே சென்று நின்றால் அந்த அடக்கத்தின் அளவு விளங்கும். வாயிலைச் சுற்றியும் மேற்குச் சாளரங்களைச் சுற்றியும் கல்லில் செதுக்கிய உருவங்கள் நிறைந்திருக்கின்றன. அவை அரசர்களின் உருவங்களா? புனிதர்களின் உருவங்களா? இல்லை. வண்டு, வண்ணத்துப்பூச்சி, பறவை, கோதுமைக் கதிர், பூ, தேவதாரு மரத்தின் காய், கடற்சங்கு போன்ற பழங்காலத் தொல்லுயிர்! கூரையோரத்தில் மழைநீர் வடியும் தூம்புகளிலும் விலங்குருவங்கள். அவற்றுள் ஓர் ஆமையும் ஒரு முதலையும் உண்டு.

உள்ளே செல்வோம். நீண்ட சதுரமான ஒரே கூடம்; அதன் முடிவில் அரைவட்டமாக ஓர் உட்கூடம். இவ்வமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. பண்டை ரோமானியர் நீதி வழங்கவும் வாணிகம் பேசவும் பெரிய பொதுமண்டபங்களைக் கட்டினர். அவற்றின் கோடியில் அரைவட்ட உள்மாடம் இருக்கும். அங்கே நீதிபதி அமர்வார். கிறிஸ்தவர்கள் வெளிப்படையாக வழிபடத் தொடங்கிய நான்காம் நூற்றாண்டில், பழைய தெய்வங்களின் கோயில் அமைப்பை ஏற்காமல், இப்பொதுமண்டப அமைப்பையே ஏற்றனர். சாரா அந்தத் தொன்மைக்குத் திரும்பிச் சென்றார். அரைவட்டச் சுவரை ஒட்டித் தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றின் இடையிடையே இருக்கைகள் அமைந்திருக்கின்றன. பலிபீடமோ சுவரோடு ஒட்டாமல் முன்னே வந்து மக்களை நெருங்கி நிற்கின்றது. கேம்பிரிட்ஜ் சங்கத்தார் பலிபீடத்தை மக்களுக்கு அப்பால் ஆழத்தில் வைக்கச் சொன்னார்கள்; சாரா அதனை அருகில் கொண்டுவந்தார்.

அந்தப் பலிபீடம் பச்சை நிறப் பளிங்குப் பலகை. அதனைத் தாங்கி நிற்பவை இரண்டு பித்தளைக் கழுகுகள். வேதம் வாசிக்கும் தாங்கிகளும் பறவை வடிவினவே. ஒன்று கழுகு, மற்றொன்று நீண்ட அலகுடைய நீர்ப்பறவை. பிரசங்க மேடையைப் பார்த்தால் ஒரு முதிய மரத்தின் அடித்தண்டு உள்ளே குடையப்பட்டு நிற்பதுபோலத் தோன்றும். தோற்றம் மட்டும் அன்று. அது உண்மையிலேயே மரத்தண்டுதான். சதுப்பு நிலத்தில் புதைந்து, காற்றுப் படாமல், அழுகாமல், பல நூற்றாண்டுகள் கிடந்து கறுத்த கருவாலி மரம். இறந்து மண்ணுக்குள் போன மரம் மீண்டும் எழுந்து நின்று பேசுகின்றது என்று கருதும்படி அது அமைந்திருக்கின்றது.

ஞானஸ்நானத் தொட்டி வெண்மையான அலபாஸ்டர் என்னும் மென்கல்லால் ஆனது. அதனைச் சாராவும் அவர் உறவினர் ஒருவரும் தம் கைகளாலேயே செதுக்கினர். அதன் பக்கங்களில் கொடிமுந்திரி, வண்ணத்துப்பூச்சி முதலிய உருவங்கள். அதன் மூடியில் கண்ணாடி பதித்து, அதன்மேல் கல்லில் செதுக்கிய தாமரைப் பூக்களை வைத்திருக்கின்றார்கள். கண்ணாடி குளத்து நீராகின்றது. பூக்கள் அதில் மிதக்கின்றன. தாமரையைக் கண்டவுடன் நமக்கு நம் நாட்டு நினைவே எழும். ஆனால் பண்டை எகிப்தியரும் அதனைப் படைப்பின் சின்னமாகப் போற்றினர். சேற்றில் பிறந்து, நீரைக் கடந்து, ஒளியில் மலரும் பூவுக்கு எந்த நாட்டிலும் பொருள் ஒன்றுதானே!

சாளரங்களுக்கு வருவோம். பாரிஸ் நகரில் 1830-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது பேராயரின் அரண்மனை சூறையாடப்பட்டது. அங்கே உடைந்த பழைய வண்ணக் கண்ணாடித் துண்டுகள் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றை நியூகாசில் கண்ணாடிக் கலைஞர் வில்லியம் வெயில்ஸ் சாளரங்களில் பொருத்தினார். உடைந்தது ஒன்றுசேர்ந்து மீண்டும் ஒளி தருகின்றது. வேறு சில சிறு சாளரங்களில் கண்ணாடியே முக்கியமன்று. மெல்லிய அலபாஸ்டர் தகடுகளில் இலை வடிவங்களை வெட்டி, அவற்றின் வழியே ஒளி கசியுமாறு செய்திருக்கின்றார்கள். எந்த இலைகள் என்று நினைக்கின்றீர்கள்? இன்றைய மரங்களின் இலைகள் அல்ல. நிலக்கரிச் சுரங்கங்களில் கல்லாகிக் கிடைத்த பழங்காலப் பெரணி முதலிய செடிகளின் வடிவங்கள்!

இது சாதாரணச் செய்தி அன்று. சார்லஸ் லயல் என்னும் அறிஞர் நிலவியல் பற்றிய தம் பெருநூலை 1830 முதல் 1833 வரை வெளியிட்டார். பூமியின் வயது ஆயிரக்கணக்கில் அன்று, அதற்கு மிகமிக அப்பாலும் நீளும் என்னும் கருத்து படித்தவர் மனத்தைக் கலக்கிய காலம் அது. சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பகை மூண்டுவிடுமோ என்று பலர் அஞ்சினர். சாராவோ அந்தத் தொல்லுயிர்களையே எடுத்துக் கோயிற் சாளரத்தில் வைத்தார். மனிதன் தோன்றுமுன் வாழ்ந்து மடிந்த செடியும் படைப்பின் ஒரு பகுதியே. அதற்கும் இங்கே இடம் உண்டு என்று அந்தச் சாளரங்கள் கூறுவனபோல் இருக்கின்றன. மாணவர்களாகிய நீங்கள் சிந்திக்கத்தக்கது இது.

தேவதாருக் காயைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். இத்தேவாலயத்தில் அது திரும்பத் திரும்ப வருகின்றது. கதவிலும் உண்டு, கல்லிலும் உண்டு, மரத்திலும் உண்டு. அந்தக் காய் செதில் செதிலாக இறுக மூடிக் கிடக்கும். ஈரத்தில் மூடிக்கொள்ளும், உலர்ந்தால் விரியும், விரிந்ததும் உள்ளிருக்கும் விதைகள் காற்றில் பறந்து போகும். பார்ப்பதற்கு உயிரற்ற கட்டை; உள்ளே ஒரு காடே அடங்கியிருக்கின்றது. அதனால் பண்டை மக்கள் பலர் அதனை அழியாத உயிரின் அடையாளமாகக் கொண்டனர். தேவாலயத்தை அடுத்த கல்லறை நிலத்தில், பெருங்கற்களை அடுக்கிச் சாரா கட்டிய ஒரு நினைவுமண்டபம் இருக்கின்றது. அதனுள் தங்கை கேதரினின் வெண்பளிங்குச் சிலை அமர்ந்திருக்கின்றது. டேவிட் டன்பார் என்னும் சிற்பி அதனைச் செய்தார். சாரா இத்தாலியில் வரைந்துவைத்திருந்த பழைய ஓவியமே அதற்கு மாதிரி. அந்தச் சிலையின் கையில் இருப்பதும் ஒரு தேவதாருக் காய்தான். அதனையே அது உற்று நோக்கிக்கொண்டிருக்கின்றது.

இன்னும் ஒரு துயரமும் அக்கட்டடத்தில் கலந்திருக்கின்றது. சுவரில் தைத்து நிற்பவைபோல் உலோக அம்புகள் அங்கே காணப்படுகின்றன. அந்தக் குடும்பத்தின் நண்பர் மேஜர் வில்லியம் தெயின் என்பவர், 1842-ஆம் ஆண்டு ஜனவரியில், காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலப் படையில் கொல்லப்பட்டார். தேவாலயம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே நேர்ந்த மரணம் அது. அந்த அம்புகள் அவர் நினைவைக் குறிப்பன என்று பலர் கருதுகின்றனர். சாரா தம் சின்னங்களுக்கு உரை எழுதிவைக்கவில்லை. பார்ப்பவரே பொருள் காணவேண்டும் என்று விட்டுவிட்டார்.

ஆயினும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கருத்துத் துலங்குகின்றது. புதைந்து எழுந்த மரம், உடைந்து கூடிய கண்ணாடி, கல்லாகியும் ஒளி தரும் இலை, மூடியிருந்தும் உயிர் சுமக்கும் காய், கூட்டிலிருந்து வெளிவந்த வண்ணத்துப்பூச்சி ஆகிய யாவும் ஒன்றையே சொல்கின்றன. இறப்பு முடிவன்று என்பதே அது. உயிர்த்தெழுதலைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கையை இவர் வசனங்களால் எழுதவில்லை. உலகத்துப் பொருள்களைக் கொண்டே எழுதினார். தங்கையை இழந்த ஒரு தமக்கை, தன் துயரத்தைக் கூறாமலே ஊராருக்கு ஆறுதல் கூறிய விதம் இது.

1842-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தேவாலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சாரா தேவாலயத்தோடு நிற்கவும் இல்லை. ஊர்க் குழந்தைகளுக்குப் பள்ளி ஏற்படுத்தினார். பள்ளி ஆசிரியருக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். பாம்பி நகரத்தில் கண்ட ஒரு பழைய வீட்டின் மாதிரியில் அதனை அமைத்தார் என்பது சுவையான செய்தி. ஒரு கிராமத்து உபாத்தியாயர் பண்டை ரோமானியரின் இல்லத்தைப் போன்றதொரு வீட்டில் குடியிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்! 1853-ஆம் ஆண்டில் சாரா காலமானார். தங்கைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அதன் பின்னர் நெடுங்காலம் அவர் பெயர் அந்த வட்டாரத்துக்கு வெளியே அதிகமாகப் பரவவில்லை. ஓவியரும் கவிஞருமான ரோசெட்டி 1869-ஆம் ஆண்டில் அங்கே சென்று கண்டு வியந்தார். அத்தகைய சிலரைத் தவிர, கோதிக் முறையே முறை என்றிருந்த காலத்தில் இதனைப் போற்றுவார் குறைவு. 2012-ஆம் ஆண்டில் ஜென்னி உக்லோ என்னும் வரலாற்று ஆசிரியை சாராவின் வாழ்க்கையை விரிவான நூலாக எழுதினார். தேவதாருக் காய் என்பதே அந்த நூலின் பெயர். அதன் பிறகு பலர் அவரை அறியலாயினர். விதிப்படி கட்டிய எத்தனையோ தேவாலயங்களைக் கட்டியவர் பெயர் இன்று யாருக்கும் நினைவில் இல்லை. விதியைக் கேட்டறிந்து, எண்ணிப் பார்த்து, வேறு வழி சென்றவரின் பெயர் நிலைத்துவிட்டது.

இதனைக் கேட்டு, விதிகளே வேண்டா என்று நீங்கள் முடிவு செய்துவிடலாகாது. கேம்பிரிட்ஜ் மாணவர்களின் உழைப்பால் பழைய கட்டடங்கள் பலவற்றின் அருமை வெளிப்பட்டது. ஏழைகளுக்கு இருக்கை கிடைத்தது. சாராவும் விதியறியாமல் மனம்போன போக்கில் கட்டியவர் அல்லர். அவர்கள் இடைக்காலத்தைப் படித்தார்கள். இவர் அதற்கும் முற்பட்ட காலத்தைப் படித்தார். கல்லாமல் மீறுவது அறியாமை. கற்றபின் தேர்ந்துகொள்வதே சுதந்திரம்.

மாணவ நண்பர்களே, ரியாவுக்குச் சென்று பார்க்கும் வாய்ப்பு உங்களில் எல்லாருக்கும் கிட்டுமென்று நான் கூறவில்லை. ஆனால் உங்கள் ஊரிலும் கோயில் உண்டு, பள்ளிவாசல் உண்டு, தேவாலயம் உண்டு, பழைய சத்திரமும் சாவடியும் உண்டு. அவற்றின்முன் நிற்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்தப் பொருள் இங்கே என்ன வேலை செய்கின்றது? இதனை இந்த வடிவில் அமைத்தவர் என்ன கருதினார்? இதனைச் செய்த கை யாருடைய கை? முதல் வினா கட்டடத்தின் பயனைக் காட்டும்; இரண்டாவது அதன் பொருளைக் காட்டும்; மூன்றாவது அதன் பின்னால் நிற்கும் மனிதர்களைக் காட்டும். இம்மூன்றையும் கேட்கப் பழகியவனுக்குக் கற்கள் ஊமையாக இருப்பதில்லை.

ரியாவின் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது. ஞாயிற்றுக்கிழமையில் அங்கே வரும் குழந்தை ஒன்று பிரசங்கம் முழுவதையும் கவனியாமல் இருக்கலாம். ஆனால் வாயிலில் உள்ள வண்டை அது பார்த்திருக்கும். தொட்டியின் மேலுள்ள தாமரையைத் தொட்டிருக்கும். தேவதாருக் காயை எண்ணியிருக்கும். அந்தக் குழந்தைக்கும் விளங்கும் மொழியில் ஒரு கட்டடம் பேசுமானால், அதைவிடச் சிறந்த கட்டடக்கலை வேறு என்ன இருக்கமுடியும்?